இரட்சணிய யாத்திரிகத்தில் அறிவின் வளர்ச்சி

ஒருவரைப் பற்றி அறிதல் வேறு. ஒருவரை அறிதல் வேறு. முன்னையது கேள்வியாலும் ஏட்டாலும் வரும். பின்னையது பழக்கத்தாலும் அன்பாலும், பல வேளைகளில் துன்பத்தாலும் வரும். இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தொலைவைச் சமய நூல்கள் யாவும் ஏதோ ஒரு வகையிற் பேசுகின்றன. தமிழிலே இத்தொலைவை ஒரு நெடும் பயணமாகவே கண்டு எழுந்த காப்பியம் ஒன்று உண்டு. ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ணபிள்ளை இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் அது. கிறித்தவன் ஒருவன் இயேசுநாதரை அறியும் அறிவு எங்ஙனம் தொடங்கி, எங்ஙனம் வளர்ந்து, எங்கே சோதிக்கப்படுகின்றது என்பதை அந்நூல் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சைவனாகிய யான் இதனை ஆராயப் புகுந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், உயர்தர வகுப்பு மாணவர் சிலருடன் ரிவர்ஸ்டனுக்குச் சென்றிருந்தேன். மாத்தளையிலிருந்து இறத்தோட்டை வழியாக வளைந்து வளைந்து ஏறும் அப்பாதையின் உச்சி நக்கிள்ஸ் மலைத்தொடரின் வட பகுதியிலே, கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்து நானூறு மீற்றர் அளவில் உள்ளது. ஓயாத காற்றினால் மரங்கள் ஓங்கி வளராது குறுகி நிற்கும் இடம் அது. நாங்கள் ஏறிய வேளையில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாதபடி பனிமூட்டம் கவிந்திருந்தது. அங்கே ஒதுங்கி நின்றபோது, அயலிலுள்ள தோட்டமொன்றிலிருந்து வந்து படித்த கிறித்தவ மாணவன் ஒருவன் என்னிடம் ஒரு வினாவை எழுப்பினான்.

“சேர், எங்கள் அம்மாயிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ஏசுவோடு வீட்டு மனிதரோடு பேசுவது போலப் பேசுவார். நான் வேத வசனங்களை மனப்பாடம் செய்து பரிசும் வாங்கியிருக்கிறேன். எனக்கு அப்படிப் பேச வரவில்லை. நீங்கள் வகுப்பிலே சொன்ன கிருஷ்ணபிள்ளைக்கு அது வந்ததா?”

இவ்வினாவுக்கு அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. அதற்கு வெட்கப்படத்தக்க காரணமும் இருந்தது. வெளிவாரிப் பட்டப் பரீட்சைக்குத் தனித்திருந்து படித்த காலத்திலே கிருஷ்ணபிள்ளையைப் பற்றி ஒரு விடையை ஆயத்தஞ் செய்து வைத்திருந்தேன். ‘ஆங்கில நூலொன்றின் தழுவல்; கம்பனின் நடையைப் பின்பற்றியது; ஆதலின் ஆசிரியர் கிறித்தவக் கம்பர் எனப்படுவர்’ என்பதே அவ்விடையின் சாரம். அதனையே பல ஆண்டுகள் மாணவர்க்கும் எழுதுவித்தேன். நூலையோ முழுதாகத் திறந்து பார்த்தேனல்லேன். கவிஞரைப் பற்றி அறிந்திருந்தேன், கவிஞரை அறிந்தேனல்லேன். மாணவன் வினவிய குறை அவனுடையது மட்டுமன்று என்பது அப்பொழுதே உள்ளத்தில் உறைத்தது. மலையிறங்கிய பின் நூலைத் தேடி எடுத்து முதலிலிருந்து படிக்கலானேன்.

இனி, நூலாசிரியர் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். கிருஷ்ணபிள்ளை 1827 ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையிலுள்ள கரையிருப்பு என்னும் ஊரிலே வைணவ வேளாளர் குடியிற் பிறந்தவர். இளமையிலேயே கம்பராமாயணத்திலும் இலக்கணத்திலும் தேர்ச்சி பெற்றவர். 1853 இல் சாயர்புரத்துக் கிறித்தவக் கல்விச்சாலையிலே தமிழாசிரியராக அமர்ந்தார். அங்கே நண்பர் கூட்டுறவாலும் நூற்பயிற்சியாலும் உள்ளம் மாறி, 1858 இல் சென்னையிலே திருமுழுக்குப் பெற்றார். இரட்சணிய யாத்திரிகம் அச்சேறியது 1894 இல். அதனையடுத்து இரட்சணிய சமய நிர்ணயம் 1898 இலும், இரட்சணிய மனோகரம் 1899 இலும் வெளிவந்தன. 1900 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே அவர் மறைந்தார்.

இவ்வாண்டுகளைச் சற்றே கூட்டிக் கழித்துப் பார்த்தல் நன்று. திருமுழுக்குக்கும் காப்பியத்துக்கும் இடையே 36 ஆண்டுகள் கழிந்தன. புதிதாக ஒரு சமயத்தைத் தழுவியவரின் முதல் உற்சாகத்திலே பிறந்த நூலன்று இது. வாழ்நாளிற் பாதிக்கு மேல் அவ்வழியிலே நடந்து, அதன் மேடும் பள்ளமும் கண்ட முதியவர் ஒருவர் தந்த நூல். அறிவின் வளர்ச்சியைப் பாட எடுத்துக்கொண்டவருக்கு அவ்வளர்ச்சிக்கு வேண்டிய காலமும் வாய்த்தது எனலாம்.

நூலின் மூலக்கதை ஆங்கிலேயராகிய ஜோன் பனியனுடையது. பாத்திரங்களுக்கு ஈயம் பூசிச் செப்பனிடும் தொழில் செய்த ஏழை அவர். அரசின் அனுமதியின்றிச் சமயம் போதித்தமைக்காக 1660 முதல் 1672 வரை பெட்போர்டுச் சிறையிலே கிடந்தார். அவர்தம் நூலின் முதற்பகுதி 1678 இல் வெளிவந்தது. அழிவுக்குரிய நகரிலே முதுகில் பெருஞ்சுமையோடு வாழும் ஒருவன், வரப்போகும் அழிவை உணர்ந்து, விண்ணக நகரை நோக்கிப் புறப்பட்டு, இடர் பல கடந்து அதனை அடைவதே கதை. கிருஷ்ணபிள்ளை அக்கதைப் போக்கைக் கைக்கொண்டு, ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களாக வகுத்து, மூவாயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட செய்யுட்களிற் பாடினார்.

இந்நூலைத் தழுவல் என்று கூறி அமைபவர் காணத் தவறுவது ஒன்று உண்டு. குமார பருவம் பனியனின் நூலில் இல்லை. இயேசுநாதரின் வரலாற்றை, சிறப்பாக அவர் பட்ட பாடுகளை, விரித்துரைக்கும் இப்பருவம் தமிழ்க் கவிஞர் தாமே சேர்த்தது. தம்மைத் துன்புறுத்துவோர்க்காகவே அவர் தந்தையிடம் மன்னிப்பு வேண்டும் காட்சி இப்பருவத்தினது. பாடநூல்களின் வாயிலாக நம்மிற் பலர் அறிந்த பகுதியும் அதுவே. இச்சேர்க்கை எற்றுக்கு? பனியன் எழுதிய நாட்டிலே இயேசுவின் கதையை அறியாத குழந்தையும் இல்லை. ஆதலின் சிலுவையைப் பெயரளவிற் காட்டினாலே அவர்க்குப் போதுமாயிற்று. தமிழ்நாட்டிலோ கதை புதிது. கேட்போர் இராமகாதையிலும் பாரதத்திலும் ஊறியவர். தெரியாத ஒருவரை நோக்கி ஒருவன் பயணம் போகின்றான் என்றால் அப்பயணத்திற்குப் பொருள் யாது? ஆகவே, பயணி யாரை நோக்கிப் போகின்றான் என்பதைக் கவிஞர் முதலில் நம் கண்முன் நிறுத்துகின்றார். அறிமுகமின்றி அறிவில்லை, அறிவின்றி அன்பில்லை. குமார பருவம் காப்பியத்தின் அமைப்பைச் சிதைத்தது என்று குறை கூறுவாரும் உளர். யான் அதனைக் காப்பியத்தின் அடித்தளம் என்றே கொள்வேன்.

இனி, அறிவு வளரும் படிகளைக் கதையின் வழியே நோக்குவோம். சிலுவையடியிலே பயணியின் சுமை தானே அவிழ்ந்து விழுகின்றது. மேலோட்டமாகப் படிப்பவர் கதை அங்கேயே முடிந்தது என எண்ணலாம். ஆனால் அந்நிகழ்ச்சி பயணத்தின் முற்பகுதியிலேயே நிகழ்கின்றது. சுமை நீங்கியவன் சிறிது தூரம் சென்றதும் மலைச்சாரலில் உறங்கி, சிலுவையடியிற் பெற்ற சுருளைத் தவறவிடுகின்றான். அழுதுகொண்டு திரும்பி வந்து தேடி எடுக்கின்றான். பின்னர்ப் பள்ளத்தாக்கிலே பகைவனோடு பொருது காயமுறுகின்றான். மாயைச் சந்தையிலே உடன்வந்த தோழனைக் கொலைக்களத்திற்குப் பறிகொடுக்கின்றான். அதற்கும் பின், வழி தவறி, ஐயம் என்னும் கோட்டையிலே அடைபட்டுச் சாவை விரும்பும் நிலைக்கும் ஆளாகின்றான். அக்கோட்டையைத் திறக்கும் திறவுகோல் தொடக்கமுதலே தன் மடியில் இருந்தமை பிறகே அவன் நினைவுக்கு வருகின்றது. பெற்றிருப்பது வேறு, பெற்றதை அறிவது வேறு என்பதற்கு இதனினும் தெளிவான கதை வேண்டுமோ?

பின்னர் இன்பமலை வருகின்றது. அங்கே மந்தை காக்கும் இடையர் நால்வர். பனியன் அவர்க்கு இட்ட பெயர்கள் அறிவு, அனுபவம், விழிப்பு, உண்மை என்னும் பொருளன. அறிவும் அனுபவமும் ஒரே மலையில் ஒருங்கே மந்தை காப்பதாக அவர் அமைத்தமை கருதத்தக்கது. இடையர் பயணிகளின் கையிலே தொலைநோக்கும் கண்ணாடியைத் தந்து விண்ணக நகரின் வாயிலைப் பார்க்கச் சொல்கின்றனர். சற்று முன்னர்க் கண்ட கொடிய காட்சியின் அச்சத்தால் அவர்களுடைய கை நடுங்குகின்றது. வாயில் போன்ற ஒன்றும், அதன் ஒளியிற் சிறிதும் கண்டதாக மட்டுமே அவர்களாற் கூற முடிகின்றது. மலையுச்சிக்கு வந்த பின்னும் காட்சி அரைகுறையே. ஆயினும் அவ்வரைகுறைக் காட்சியோடு பாடிக்கொண்டு நடக்கின்றனர்.

இறுதியிலே ஆறு குறுக்கிடுகின்றது. நெடுந்தூரம் நடந்து வந்த முதற்பயணியே அங்கு அஞ்சி அமிழ்கின்றான். பின்னர் வந்து சேர்ந்த தோழனோ தன் கால் தரையிற் படுவதாகக் கூறி அவனைத் தாங்குகின்றான். மன்னன்பால் வைத்த நம்பிக்கையின் அளவுக்கு ஏற்பவே ஆறு ஆழமாகவும் ஆழமற்றதாகவும் தோன்றும் என்று முன்னரே அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அறிவின் வளர்ச்சி ஏணியில் ஏறுவது போல் ஒரே சீராக அமைவதன்று என்பதை இக்கட்டம் உணர்த்துகின்றது. மூத்தவன் தடுமாறுவதும் இளையவன் தாங்குவதும் அவ்வழியில் இயல்பு.

இவற்றுக்கெல்லாம் முடிவாக ஒருவன் ஓடமேறி வருத்தமின்றி ஆற்றைக் கடந்து வாயிலுக்கு வருகின்றான். அறியாமை என்பது அவன் பெயர். மன்னன் முன்னிலையில் உண்டதும் குடித்ததும், மன்னன் தங்கள் தெருக்களிற் போதித்ததும் தனக்குச் சான்று என்கின்றான். அவனுக்குக் கதவு திறக்கவில்லை. அருகில் வாழ்ந்தமை அறிந்தமையாகாது என்பது கருத்து. சமயக் குடும்பத்திலே பிறந்து, சடங்கு பல செய்து, உள்ளத்தால் ஒரு நாளும் இறைவனை அணுகாதவர் எம் சமயத்திலும் உளர்; எச்சமயத்திலும் உளர். இப்பகுதியைப் படித்தபோது எழுதப்பட்டவன் நானோ என ஐயுற்றேன்.

இவ்விடத்திலே நம் சைவ சித்தாந்தத்தோடு ஒப்பிட்டு நோக்கல் பயனுடைத்து. இறைவனை அணுகும் நெறியைச் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்காக்கி, அவற்றை முறையே தாச மார்க்கம், சற்புத்திர மார்க்கம், சக மார்க்கம், சன்மார்க்கம் என வழங்குதல் நம் மரபு. அப்பர் அடிமையாகவும், சம்பந்தர் மகனாகவும், சுந்தரர் தோழராகவும் நின்று காட்டினர். நான்காவதாகிய சன்மார்க்கத்துக்கு மாணிக்கவாசகர் எடுத்துக்காட்டு. யோவான் எழுதிய சுவிசேஷத்திலும் இயேசுநாதர் தம் இறுதி இரவிலே சீடரை நோக்கி, இனி அவர்களை ஊழியர் என்னாது நண்பர் என்று அழைப்பதாகக் கூறுகின்றார். ஊழியன் தலைவனின் செயலை மட்டும் அறிவான்; நண்பனோ அவன் உள்ளத்தையும் அறிவான். அடிமை நிலையினின்று தோழமை நிலைக்கு உயர்தலே அறிவின் வளர்ச்சி என்பது இரு நெறிக்கும் பொதுவாதல் காண்க.

இன்னும் ஆழமாக நோக்கின், மெய்கண்டார் வழிவந்தோர் அறிவைப் பாசஞானம், பசுஞானம், பதிஞானம் என மூவகைப்படுத்துவர். புலன்களாலும் நூற்சொற்களாலும் வருவது பாசஞானம். உயிர் தன்னைத் தானே அறிவது பசுஞானம். இறைவனின் அருளே கண்ணாக நின்று இறைவனைக் காட்டுவது பதிஞானம். முன்னிரண்டாலும் இறைவன் அறியப்படான் என்பது சித்தாந்தத் துணிபு. இந்த அளவுகோலை மாணவனின் வினாவின் மேல் வைத்துப் பார்ப்போம். வசனங்களை மனனஞ் செய்தமை பாசஞானம். தன்னாற் பேச முடியவில்லையே என்று தன் குறையைத் தானே கண்டமை பசுஞானத்தின் தொடக்கம். எழுத்தறியா அம்மாயிக்கு வாய்த்ததோ அருளின் வழிப்பட்டது. அதனை மனனத்தாற் பெறல் இயலாது.

எனினும் இரு நெறியும் ஒன்றே என்று கூறி முடித்தல் ஆராய்ச்சிக்கு அழகன்று. சித்தாந்தத்திலே இறைவன் பிறப்பு இறப்பு அற்றவன். குருவடிவிலே வெளிப்பட்டு ஆட்கொள்வானேயன்றி வினைவயப்பட்டுப் பிறவான். கிறித்தவர் அறிய விழைவதோ, ஒரு நாட்டிலே ஒரு காலத்திலே பிறந்து, பசித்து, அழுது, சிலுவையில் இறந்து, உயிர்த்தெழுந்ததாக அவர்கள் நம்பும் ஒருவரை. ஆதலின் அவரை அறிதல் என்பது அவர் பட்ட துன்பத்திலும் பங்குகொள்ளுதல் ஆகின்றது. பவுல் அடிகள் சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில், கிறிஸ்துவை அறிவதன் மேன்மைக்கு முன் தாம் பெற்றிருந்த பெருமைகளெல்லாம் வெறும் நட்டமே என்றும், அவருடைய உயிர்ப்பின் ஆற்றலையும் பாடுகளின் பங்கையும் அறிதலே தம் வேட்கை என்றும் கூறி, தாம் இன்னும் அதனை முற்றப் பெறவில்லை, தொடர்ந்து ஓடுகின்றேன் என்கின்றார். பல்லாண்டுகள் ஊழியஞ் செய்தவரின் வாயிலிருந்து வரும் கூற்று அது. குமார பருவம் காப்பியத்திற்கு இன்றியமையாதது என யான் முன்னர்க் கூறியதற்கு இதுவும் ஒரு காரணம். பாடுகளை அறியாதவன் பாடுபட்டவரை அறிந்தவனாகான்.

இனி மாணவனின் வினாவுக்கு நேரே வருவோம். கிருஷ்ணபிள்ளைக்கு ‘அது வந்ததா?’ காப்பியத்தின் கதைச் செய்யுட்களில் இயேசுநாதர் படர்க்கையிலே வருகின்றார். ‘அவர்’ என்று கவிஞர் சொல்கின்றார், நாம் கேட்கின்றோம். அவ்விடங்களிற் கம்பனின் மாணவர் ஒருவரைக் காண்கின்றோம். ஆனால் நூலினிடையே ஆங்காங்குத் தேவாரம் என்னும் பெயராலே இசைப்பாடல்கள் அமைந்துள்ளன. அங்கே படர்க்கை முன்னிலையாகின்றது. கவிஞர் நம்மை மறந்து அவரோடு பேசத் தொடங்குகின்றார். அணிகள் குறைகின்றன, சொற்கள் எளிமையுறுகின்றன, நெஞ்சு கரைகின்றது. வைணவக் குடியிற் பிறந்து கிறித்தவரான ஒருவர், தம் உள்ளத்தின் நெருக்கமான பேச்சுக்குச் சைவத்தின் பெயரைத் தேர்ந்தமை வியப்பூட்டுவது. இறைவனோடு நேர்நின்று பேசுதற்குத் தமிழிலே நிலைபெற்ற பெயர் அதுவே என அவர் கொண்டார் போலும். காப்பியம் முடித்த பின் 72 ஆம் வயதிலே அவர் வெளியிட்ட இரட்சணிய மனோகரம் கதையை விட்டுத் துதியையும் வேண்டுதலையுமே பொருளாகக் கொண்டது. முதுமை கூடக் கூடக் கதை குறைந்து உரையாடல் மிகுந்தது. ஆம், அவருக்கு அது வந்தது. ஆனால் உடனே வரவில்லை.

நூலின் குறைகளையும் கூறாது விடுதல் நடுநிலையாகாது. பனியனின் மாந்தர் சந்தைத் தெருவிலே நின்று பேசுவோர் போலப் பேசுவர்; கிருஷ்ணபிள்ளையின் மாந்தர் புலவர் அவையிலே பேசுவோர் போலப் பேசுவர். வடசொற் பெருக்கமும் வருணனை நீட்சியும் பல இடங்களிலே பயணியின் காலைக் கட்டிவிடுகின்றன. எழுத்தறியா மூதாட்டி ஒருத்தி இக்காப்பியத்தைக் கேட்டால் பெரும்பகுதி அவளுக்கு விளங்காது. பாத்திரங்களுக்கு ஈயம் பூசியவர் எழுதியதை எளியவர் படித்தனர். புலவர் பாடியதைப் புலவரும் பரீட்சை எழுதுவோருமே படிக்கின்றனர். கம்பனை அவர் மிகுதியாக நேசித்தமையே அவர்க்குப் பலமும் பலவீனமும் ஆயிற்று. கிறித்தவக் கம்பர் என்னும் பட்டம் அவர் தேவாரங்களை நம் கண்ணினின்று மறைத்தது என்பேன். அவர் கம்பரைப் போலப் பாடிய இடங்களிலும், தம்மைப் போலப் பாடிய இடங்களே நிலைக்கத்தக்கன.

இந்நூல் நம் மலைநாட்டுக்கு அயலானதன்று என்பதையும் கூறுதல் வேண்டும். கோப்பிக் காலத்திலே தமிழகத்துத் தொழிலாளர் மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே நடந்து, வழியிற் பலர் மடிய, மாத்தளைக்கு வந்து சேர்ந்தனர். அவர்களும் யாத்திரிகரே. 1854 இல் ஆங்கிலத் திருச்சபையின் தூதுச் சங்கத்தார் தோட்டத் தமிழரிடையே பணி தொடங்கியபோது, கிருஷ்ணபிள்ளையின் திருநெல்வேலியிலிருந்தே உபதேசிமார் வந்தனர். என் மாணவனுடைய அம்மாயியின் பேச்சுக்கும் கவிஞரின் பேச்சுக்கும் ஊற்று ஒரே சீமையாக இருத்தல் கூடும்.

இந்துக் கல்லூரி மலரிலே இதனை எழுதுவானேன் என்று வினவுவார்க்கு ஒரு சொல். சைவத்தைக் காத்த ஆறுமுக நாவலர், பேர்சிவல் பாதிரியாருக்குத் துணையாக விவிலியத்தைத் தமிழாக்க உழைத்தவர். அம்மொழிபெயர்ப்பு 1850 இல் வெளிவந்தது. பின்னர் அச்சமயத்தாரோடு வாதிட்டபோது அவர் அறிந்து வாதிட்டார். பிறர் நூலை அறியாது இகழ்தலும் அறியாது புகழ்தலும் அவர் வழியன்று. யான் பல்லாண்டு செய்தது பின்னையது.

ரிவர்ஸ்டனில் அன்று, நாங்கள் திரும்ப எண்ணிய வேளையிலே காற்று ஒருமுறை பனியை விலக்கியது. கீழே பிட்டவலைப் புல்வெளியும் எதிரே மலைமுடிகளும் ஒரு கணம் தோன்றின, மீண்டும் மறைந்தன. அம்மாணவன், “இவ்வளவு நேரமும் மலை இங்கேதான் இருந்திருக்கிறது, சேர்” என்றான். அவன் வினாவுக்குரிய விடையிற் பாதியை அவனே கூறிவிட்டான் என்பதை இந்நூலைப் படித்த பின்னரே உணர்ந்தேன். மறு பாதியைக் கவிஞரின் வாழ்க்கை கூறுகின்றது. நூல் வழிகாட்டும் கல். அது நடந்து தராது. படர்க்கை முன்னிலையாவதற்கு அவருக்கு முப்பத்தாறு ஆண்டுகள் வேண்டியிருந்தன. பதினெட்டு வயதிலே தனக்கு அது வரவில்லை என வருந்தியவன் வழிதவறியவனல்லன், வழியிலே நிற்பவன். இவ்விடையை அவனுக்கு இப்பொழுதாவது தருகின்றேன். இனி வகுப்பிலே கிருஷ்ணபிள்ளையைக் கற்பிக்கும்போது, குறிப்பை எழுதுவிக்கும் முன் ஒரு தேவாரத்தைப் பாடிக் காட்டுவேன்.